அலெக்சாண்டர் இருக்கிறாரோ?

எனக்கு அந்த ஆளைப் பிடிக்காது. செத்து இரண்டாயிரம் வருடங்களுக்கு மேலாகிவிட்டது. இன்னும் போகமாட்டேன் என்று நிற்கிறான். இத்தாலியில், பலெர்மோ நகரத்தின் சீசாப் பகுதியில் நாங்கள் இருக்கிற கட்டடத்திலேயே அவன் பெயரில் ஒருவனுக்கு மேல் இருக்கிறான்கள். பின்னேரமானால் ஒரு தாய் பல்கனியில் நின்று "அலெஸ்ஸா!" என்று கத்துவாள். முற்றத்தில் விளையாடுகிற எல்லாத் தலையும் திரும்பும்.

ஊரில் பள்ளிக்கூடப் புத்தகத்தில் அவனுக்கு 'மகா' என்று பட்டம். இந்தியா வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போனான் என்று எங்கள் வாத்தியார் சொன்னபோது, வந்த விருந்தாளி சாப்பிடாமல் போய்விட்டதுபோல முகத்தை வைத்துக்கொண்டார். எங்கள் பக்கம் வந்திருந்தால் எங்களையும் வெட்டியிருப்பான் என்று யாரும் சொல்லவில்லை.

செத்த வீட்டுக்குப் போனாலும் அவன் முன்னாலேயே வந்து நிற்பான். இங்கே எங்கள் சனத்தில் ஒருவர் இருக்கிறார். யார் செத்தாலும் எழும்பி, உலகத்தை வென்ற அலெக்சாண்டர் தன் கைகளைப் பெட்டிக்கு வெளியே விடச் சொன்னான், வெறுங்கையோடு போகிறேன் என்று காட்டச் சொன்னான் என்று தொடங்குவார். எல்லாரும் தலையை ஆட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவனுடைய வெறுங்கையைப் பற்றி இத்தனை காலமாக இத்தனை நாட்டில் கதைக்கிறார்கள் என்றால் அது வெறுங்கையா? பெட்டிக்குள் கிடக்கிறவன் முப்பது வருடம் பிறர் வீட்டுக் கக்கூசு கழுவினவன். அவனுடைய கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நான் வேலை செய்கிற வீடு துறைமுகத்துக்குப் பக்கத்தில், போர்கோ வெக்கியோப் பகுதியில். ஒரு கிழவர். கப்பலில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, கால் சரியில்லை. காலையில் போய்க் கூட்டித் துடைத்து, மத்தியானம் சமைத்துக் கொடுத்துவிட்டு வருவேன். அவருக்கு அலெக்சாண்டர் என்றால் பைத்தியம். சாப்பாட்டு அறை அலுமாரியின் மேல் அவனுடைய பித்தளைத் தலை ஒன்று இருக்கிறது. அதன் சுருட்டை மயிருக்குள் போகிற தூசியை எடுப்பது என் வேலை. இவர்கள் பாஷையில் அவன் 'அலெஸ்ஸாந்த்ரோ மாஞ்ஞோ', மகா அலெக்சாண்டர். ரோமாக்காரர் வாயில் 'மாஞ்ஞோ' என்றால் 'சாப்பிடுகிறேன்' என்றும் வரும். நான் தட்டை வைத்ததும் கிழவர் பித்தளைத் தலையைப் பார்த்து, "நீயும் மாஞ்ஞோ, நானும் மாஞ்ஞோ" என்று சொல்லித் தானே சிரிப்பார். ஒவ்வொரு நாளும் அதே பகிடி. ஒவ்வொரு நாளும் முதல்முறை சொல்வதுபோலச் சிரிப்பு.

தொலைக்காட்சியில் அவனுடைய கல்லறையைத் தேடுகிற நிகழ்ச்சி போனால் என்னைத் துடைக்க விடமாட்டார். அவனை எங்கே புதைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாதாம். எகிப்தில் நிலத்துக்கு அடியில் பார்க்கிற இயந்திரங்களை வைத்துக்கொண்டு திரிகிறார்கள். பெரிய படிப்புப் படித்தவர்கள் தொப்பி போட்டுக்கொண்டு குழிக்குள் இறங்குகிறார்கள்.

"நான் சாவதற்குள் கண்டுபிடித்துவிடுவார்கள்," என்றார் ஒருநாள்.

"கண்டுபிடித்து?"

"கண்டுபிடித்து என்றால்? பார்க்கலாம்."

"எலும்பையா?"

"அவனுடைய எலும்பு! டிக்கெட் போட்டுக் காட்டுவார்கள். இந்தக் காலோடு போய் நானும் வரிசையில் நிற்பேன்."

வரிசை என்ற சொல் வந்ததும் நான் வாளியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன்.

என் அக்காவின் புருஷன் கஞ்சி வாங்குகிற வரிசைக்குப் போனவர். வன்னியில், யுத்தத்தின் கடைசி நாட்களில். கையில் ஒரு அலுமினியச் சட்டி. அவ்வளவுதான் அக்கா கண்டது. பிறகு செல் விழத் தொடங்கியது. சனம் எழும்பி ஓடியது, அக்காவையும் இழுத்துக்கொண்டு ஓடியது. அவள் திரும்பிப் போகப் பார்த்தாள், விடவில்லை. அதன்பின் முகாம். அத்தான் வரவில்லை. செத்துவிட்டார் என்று சொல்லவும் ஆள் இல்லை, கண்டேன் என்று சொல்லவும் ஆள் இல்லை. அந்த நேரம் நான் கலியாணம் முடித்து இங்கே வந்து, யாரோ ஒருத்தியின் கண்ணாடி யன்னல்களுக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். சில வருடங்கள் கழித்து அக்காவும் எங்களிடம் வந்து சேர்ந்தாள். பிள்ளைகள் இல்லை. கட்டடங்களின் படி கழுவுகிறாள். பொட்டு வைக்கிறாள், தாலி கழுத்தில் இருக்கிறது. இங்கே இருப்பதற்கான அனுமதிப் பத்திரம், பெர்மெஸ்ஸோ, புதுப்பிக்கப் போனால், கலியாணமானவளா என்று கேட்கிற பொலிஸ்காரிக்கு அறை முழுக்கக் கேட்கும்படி "சீ!" என்று சொல்கிறாள். இவர்களுக்கு அது 'ஓம்'.

வன்னிப் பக்கம் இருந்து புதிதாக யார் பலெர்மோவுக்கு வந்தாலும் அக்காவுக்குத் தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிடுவாள். தேத்தண்ணி கொடுத்து, கண்ணாடிக் கவருக்குள் வைத்திருக்கிற படத்தை எடுத்து நீட்டுவாள்.

"இவரைக் கண்டனீங்களோ? இருக்கிறாரோ?"

எல்லாரும் ஓம் என்பார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வருவதுபோல அந்தப் பதிலையும் கொண்டுவருவார்கள். அதை ஏற்பாடு செய்கிறவர் என் வீட்டுக்காரர். கீழே படியில் நின்று வருகிறவர்களைப் பிடித்து, "அக்கா ஒரு படம் காட்டுவா. இருக்கிறார் எண்டு சொல்லிப்போட்டு விடுங்கோ, என்ன?" என்று சொல்லி மேலே அனுப்புவார். ஒருவர் தெற்கே ஒரு சிறையில் கண்டேன் என்றார். ஒருத்தி, ஒரு கோயில் மடத்தில் ஞாபகம் தப்பிப்போய் இருக்கிறார் என்று கேள்விப்பட்டதாகச் சொன்னாள். இன்னொருவர் அவுஸ்திரேலியாவுக்குப் படகில் அனுப்பிவைத்தார். அத்தான் இத்தனை இடத்துக்குப் போயிருந்தால் அவரும் மகா அலெக்சாண்டர்தான். அவர் கிளிநொச்சியில் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருந்தவர். யாழ்ப்பாணத்துக்கு பஸ்ஸில் போனாலே சத்தி எடுப்பார்.

அக்கா படத்தை எடுக்கிறபோது நான் எழும்பிக் குசினிக்குள் போய்க் கோப்பை கழுவுவேன். ஒருமுறைகூட நான் ஓம் என்று சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை.

"ஏனப்பா இந்தப் பொய்?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"சொன்னால் உமக்கென்ன குறைஞ்சு போகுது? மனுசி நிம்மதியா நித்திரை கொள்ளுது."

"அவ கொள்ளுறாவோ, நீர் கொள்ளுறீரோ?"

"அப்ப நீர் சொல்லுமன். போய்ச் சொல்லும். தடுத்தனானோ?"

நான் போகவில்லை.

மாரி காலம், நல்ல மழை. கிழவருக்குக் கால் நோவு, யன்னலடியில் இருந்து துறைமுகப் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தார். நான் பித்தளைத் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அவனுக்கு ஒரு தங்கச்சி இருந்தாள், தெரியுமா?" என்றார். "கிரேக்க மாலுமிகள் எனக்குச் சொன்ன கதை. அண்ணன் செத்த துக்கத்தில் அவள் கடலில் விழுந்தாள். சாகவில்லை. இடுப்புக்குக் கீழே மீனாகிவிட்டாள். கப்பல் வந்தால் பிடித்து நிறுத்துவாள். தலையைத் தூக்கிக் கேட்பாள்: அலெக்சாண்டர் அரசன் இருக்கிறானா?"

என் கை நின்றுவிட்டது.

"மாலுமி சொல்ல வேண்டும்: இருக்கிறான், ஆள்கிறான், உலகத்தை வெல்கிறான். அப்படிச் சொன்னால் சிரித்துக்கொண்டு வழிவிடுவாள். கடல் குளம் மாதிரிக் கிடக்கும்."

"செத்துப்போனான் என்று சொன்னால்?"

"கப்பலைக் கீழே இழுத்துவிடுவாள். எல்லாரோடும்."

"ஒருத்தன்கூட உண்மை சொன்னதில்லையா?"

"சொன்னவன் திரும்பி வந்து உனக்குக் கதை சொல்லுவானா?" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "கதைதானே," என்றார்.

நான் கோபத்தோடுதான் வீட்டுக்கு நடந்தேன். அவனுடைய அழியாப் புகழ் என்று இந்தக் கிழவர் கும்பிடுவது இதைத்தானா? தாழப் பயந்தவன்கள் சொல்லிவிட்டுப் போன பதில். அந்தப் பெண்ணைக் கரைக்குக் கூட்டிவந்து பக்கத்தில் இருந்து சொல்ல ஒருவனும் இல்லை. எல்லாருக்கும் தன் கப்பல் போனால் சரி.

கோபம் அடங்கிவிட்டது. வேறொன்று போகவில்லை. அதற்குப் பிறகு அக்கா தலை முழுகிவிட்டு ஈர மயிரை விரித்துப்போட்டுக்கொண்டு குசினி வாசலில் வந்து நின்றால் எனக்கு அந்தக் கடல்காரியின் ஞாபகம்தான் வந்தது. நான் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தேன். இரண்டு காலும் இருந்தன. படி கழுவித் தண்ணீரிலேயே நின்று தோல் வெடித்த கால்கள். அவள் வாளியோடு மாடி மாடியாக இறங்கி வருவதை நினைத்தாலும், எங்கோ தண்ணீர் சளசளவென்று அடிக்கிற சத்தம் கேட்கும். பஸ்ஸில் கேட்கும். சந்தையில் கேட்கும். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்னை டாக்டரிடம் கொண்டுபோயிருப்பார்கள்.

அப்போதுதான் அந்த மன்னார் ஆள் வந்தார். நாற்பது வயது இருக்கும். வேலை விசாவில் வந்து, பல்லரோச் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் பெட்டி இறக்குகிறவர். கத்தோலிக்க வேதக்காரர். யுத்தம் நடந்த நேரம் கிளிநொச்சியில் மேசன் வேலைக்குப் போய் மாட்டிக்கொண்டவர். வழக்கம்போல என் வீட்டுக்காரர் கீழே படியில் பிடித்துப் பாடம் சொல்லிக்கொடுத்துத்தான் மேலே கூட்டிவந்தார்.

அக்கா தேத்தண்ணி கொடுத்தாள். படத்தை நீட்டினாள்.

"தம்பி, இவரைக் கண்டனீங்களோ? இருக்கிறாரோ?"

அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் படத்தை வாங்கினார். பார்த்தார். வலது கை தானாக எழும்பி நெற்றிக்குப் போனது, நெஞ்சுக்கு வந்தது, ஒரு தோளுக்குப் போனது. மற்றத் தோளுக்குப் போகும் வழியில் கை நின்றது. என்ன செய்கிறோம் என்று அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. கையை இறக்கித் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

"இருக்கிறார் அக்கா," என்றார். "எங்கையோ இருப்பார்."

நான் குசினிக்குப் போக எழும்பினவள் அப்படியே நின்றேன். என் வீட்டுக்காரர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். அக்கா படத்தைத் திரும்ப வாங்கிக் கவருக்குள் வைத்தாள்.

"தேத்தண்ணி ஆறுது தம்பி. குடியுங்கோ," என்றாள்.

அவர் போகும்போது நான் பின்னால் இறங்கிப் போய் இரண்டாம் மாடிப் படியில் பிடித்தேன்.

"கண்டனீங்களோ?"

"அக்கா, உங்கட அவர்தான் அப்பிடிச் சொல்லச் சொன்னவர்…"

"அதை விடுங்கோ. கண்டனீங்களோ?"

"ஓம். என்ர சைக்கிளுக்கு எத்தினை தரம் ஒட்டுப் போட்டுத் தந்த மனுசன், தெரியாதே? வரிசையில எனக்கு முன்னால நிண்டவர். செல் விழுந்தது. என்னைக் கொண்டுபோய் அங்காலை எறிஞ்சது. எழும்பிப் பாத்தன்." மேலே எங்கள் கதவுப் பக்கம் பார்த்தார். "ஒரு சாக்கு எடுத்து மூடிப்போட்டு ஓடினனான் அக்கா. அவ்வளவுதான் செய்ய ஏலுமாயிருந்தது."

கீழே முற்றத்தில் யாரோ ஒரு அலெஸ்ஸாந்த்ரோவைச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் நான் வேலைக்குப் போனபோது கிழவர் வாசலிலேயே தொடங்கிவிட்டார். தோண்டுகிற இடத்தில் ஏதோ ஒரு கல் கிடைத்ததாம். அவனுடைய கல்லறைக் கல்லாக இருக்கலாமாம்.

"விடுங்கள் அந்த ஆளை!" என்று கத்திவிட்டேன். "ஒரு கொலைகாரனை இத்தனை நாளும் தேடுகிறீர்கள். வேறு ஆட்கள் சாகவில்லையா?"

அவர் தொலைக்காட்சியை நிறுத்தினார். கோபப்படவில்லை.

"யார் செத்தது?"

"அக்காவின் புருஷன். கஞ்சி வரிசையில்." கஞ்சி என்பதற்கு இவர்கள் பாஷையில் எனக்குச் சொல் தெரியாது. அரிசியும் தண்ணீரும் என்றேன்.

"எப்போது?"

"முந்தி. அலெக்சாண்டருக்குப் பிறகு."

அவர் அத்தானுடைய பெயரைக் கேட்டார். சொன்னேன். திரும்பச் சொல்லிப் பார்த்தார். வாய்க்குள் நுழையவில்லை. இன்னொருமுறை சொல்லச் சொன்னார். இந்த ஊரில் அந்தப் பெயரைச் சொன்ன ஒருவரும் கூடவே 'இருக்கிறார்' என்று ஒட்டாமல் சொன்னதில்லை. கிழவர்தான் முதல். அதையும் பாதி உடைத்துத்தான் சொன்னார். அன்று சாப்பாட்டுக்கு முன்னால் பகிடி விடவில்லை.

அக்கா அந்த வாரம் முழுக்க வழக்கம்போல வேலைக்குப் போனாள், வந்தாள். அடுத்த ஞாயிறு காலை, வீட்டுக்காரர் வெளியே போயிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம்.

"அந்த ஆள் சிலுவை போட்டதைக் கண்டனியோ?" என்றாள்.

"ம்."

"இஞ்சத்தைக் கிழவியளும் அப்பிடித்தான். படியில ஆரின்ரையோ மரண நோட்டீஸ் ஒட்டியிருந்தால் கை தன்பாட்டில போகும். நான் கழுவேக்கை ஒவ்வொரு நாளும் பாக்கிறனான்."

நான் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எல்லாரும் எனக்குப் பதில் சொல்லிப்போட்டினம். நீதான் சொல்லேல்லை. படத்தை எடுத்தால் குசினிக்கை ஓடுவாய். இப்ப குசினிக்கைதானே இருக்கிறாய், இனி எங்கையடி ஓடுவாய்? சொல்லு. இருக்கிறாரோ?"

அவளுடைய தலை ஈரமாக இருந்தது. காலையில் முழுகியிருந்தாள். மேசைக்குக் கீழே பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன். கண்ணைப் பார்த்தேன்.

"இல்லை அக்கா."

ஒன்றும் நடக்கவில்லை. ஒரு சத்தமும் இல்லை. அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அவள் எழும்பி அடுப்பை நிறுத்தினாள். கத்தியைக் கழுவித் துடைத்து வைத்தாள். அறைக்குள் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். நான் வாசலில் கதிரையைப் போட்டுக் குந்தியிருந்தேன். மூச்சு விடுகிறாளா என்று இடையிடையே எட்டிப் பார்த்தேன். கப்பல் இப்போது தாழும், இப்போது தாழும் என்று காத்திருந்தேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மத்தியானம் தாண்டித்தான் எழும்பி வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"போகேக்கையோ, வரேக்கையோ?" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"கஞ்சி வாங்கப் போகேக்கையோ, வாங்கிக்கொண்டு வரேக்கையோ? அதுக்கு முதல் நாளும் அவர் ஒண்டும் சாப்பிடேல்லை. இருந்ததை எனக்குத் தந்தவர். குடிச்சவரோ எண்டு கேட்டுக்கொண்டு வா."

"நீயும் வாவன்."

"நான் வரமாட்டன். நீ கேட்டுக்கொண்டு வா."

பல்லரோவில் ஞாயிறு பின்னேரம் கடைகளை மூடிக்கொண்டிருந்தார்கள். நிலமெல்லாம் நசிந்த தக்காளியும் மீன் தண்ணீரும். மன்னார் ஆள் பூக்கோவாப் பெட்டிகளை உள்ளே தூக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் கறுத்துப்போனது.

"அக்காவுக்குச் சொல்லிப்போட்டன்," என்றேன்.

"ஆண்டவரே. என்னத்துக்கு?"

"கேட்டவ, சொன்னன். இப்ப ஒண்டு கேக்கிறா. அவர் கஞ்சி குடிச்சவரோ?"

கடைக்காரன் உள்ளே இருந்து சத்தம் போட்டான். அவர் பெட்டியை இறக்கி வைக்காமலே நின்றார்.

"குடிச்சவர் அக்கா," என்றார். "வாங்கின இடத்திலேயே நிண்டு குடிச்சவர். வடிவாக் குடிச்சவர். பிறகுதான் செல் வந்தது."

படியில் வைத்து, அத்தான் வரிசையில் தனக்கு முன்னால் நின்றவர் என்று சொன்னார். செல் விழும்போது வரிசையில் நின்றவனுக்கு இன்னும் கஞ்சி கிடைத்திருக்காது. எனக்குக் கணக்குத் தெரியும். நான் யாரையும் விடுகிறவள் இல்லை, கடைக்காரன் நிறுத்துக் குறைத்தாலே கத்திச் சந்தையைக் கூட்டுகிறவள். அவருடைய முகத்தைப் பார்த்தேன். பெட்டியின் பாரத்தில் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"சரி தம்பி," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அக்கா விட்ட இடத்திலேயே இருந்தாள்.

"குடிச்சவராம்," என்றேன். "வாங்கின இடத்திலேயே குடிச்சவராம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"உப்புப் போட்டிருந்ததோ?"

"என்ன?"

"நாங்கள் குடிச்ச கஞ்சிக்கு உப்பில்லை. அங்கை உப்பு முடிஞ்சு போச்சு. அவருக்கு உப்பில்லாமல் இறங்காது. அதை வச்சுத்தான் கடைசியா என்னோட கொழுவிச் சண்டை பிடிச்சவர்."

"போட்டிருந்ததாம்," என்றேன்.

அக்கா தலையை ஆட்டினாள்.

"அப்ப கொஞ்சம் ருசியா இருந்திருக்கும்," என்றாள்.